ஃபார்மேட் போடுமுன் ஃபரீதா லாத்தா கேட்டது

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்துச் செய்தி, மரண அறிவிப்பு, வந்தது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று வழக்கம்போல் ஆண்களின் பெயர்களையே சொன்னார்கள். யாரோ என்று நினைத்து மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலே எட்டி, "நம்ம ஃபரீதாதான் புள்ள. நெஞ்சு வலின்னு ராம்நாடு கொண்டுபோற வழியிலேயே..." என்றார். சீப்பு பாதியில் நின்றது. அந்த வாரம் லாத்தா எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

ஒலிபெருக்கி சொல்லாத பெயரை இங்கே எழுதுகிறேன்: ஃபரீதா. எங்கள் ஊர் புதுமடத்தில் அக்காவை லாத்தா என்போம்; எங்களுக்கெல்லாம் அவர் லாத்தா. திருமணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவர். ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, வெளி ஆளை உள்ளறைக்கு விடத் தயங்கும் வீடுகளில் அவர்தான் வந்து, கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்கி, ஃபார்மேட் போடுவார். முதலில் மூடியைக் கழற்றி உப்புக்காற்றில் ஏறிய துருவைத் துடைப்பார். பிறகு எது வேண்டும், எது வேண்டாம் என்று வீட்டில் ஒருவர் விடாமல் கேட்பார். கேட்காமல் எதையும் அழிக்க மாட்டார். வெளிநாட்டில் இருப்பவரையும் போனில் பிடிப்பார். கட்டிலில் கிடக்கும் என் மாமியாரிடமும் போய் நிற்பார்.

"கண்ணு தெரியாத என்கிட்ட என்னடி கேக்குற?"

"உங்க ஹஜ்ஜு போட்டோ உள்ள கிடக்கு மாமி. பெறகு என்னைய ஏசக்கூடாது."

என் மகளுக்கு இரண்டு வயதில் வலிப்பு வந்தது. அடுத்த முறை வந்தால் வீடியோ எடுத்து வாருங்கள் என்றார் டாக்டர். எடுத்தேன். பிறகு, தூக்கத்தில் கை துடித்தாலும் எடுத்தேன். வலிப்பு நின்று, மாத்திரையும் நின்று, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். பழைய கம்ப்யூட்டர் நிரம்பித் திணறியது. "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பி" என்றார் துபாயிலிருந்து என் கணவர்.

லாத்தா கடைசியாக வந்த அன்று அந்த வீடியோக்களில் ஒன்றைத் திறந்தார். "யா அல்லாஹ், கண்ணைத் தொறம்மா" என்று என் குரல் அலறியது. சட்டென்று சத்தத்தைக் குறைத்தார்.

"டாக்டர் பாத்துட்டாரா?"

"ரெண்டு மூணு பாத்தாரு, லாத்தா. போதும்னுட்டாரு."

"மிச்சத்தை யாருக்கு வச்சிருக்க?"

அழித்த மறுநாளே வலிப்பு திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வீடியோவா புள்ள அதைப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்கு?" என்றார். கம்ப்யூட்டரை அணைத்தார். "நீ வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. இன்னைக்கு நான் தொட மாட்டேன். உன் மகள்கிட்ட கேட்டியா?"

"சின்னப்புள்ள லாத்தா, அவகிட்ட என்ன கேக்க?"

"அவ வீடியோதானே? கேட்டு வையி. அடுத்த வாரம் வாரேன்."

அந்த வாரம் வந்தது, அவர் வரவில்லை.

வேறு ஆளை அனுப்பவா என்றார் கணவர். மறுத்துவிட்டேன். நேற்றுதான் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதுல உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டேன்.

"நான் வரைஞ்ச மீனு."

"நீ தூங்குற வீடியோ?" வலிப்பு என்று சொல்லாமல் பொய்தான் சொன்னேன்.

"நீ இல்லாதப்ப பாத்தேனே. அதுல நீதான் உம்மா அழுவுற. அது வேணாம்."

மீனையும் மாமியாரின் ஹஜ்ஜு போட்டோக்களையும் பென்டிரைவில் எடுத்தேன். லாத்தா செய்வதுபோல, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்தேன். பிறகு, அவர் போடுவதைப் பார்த்த நினைவில், நானே ஃபார்மேட் போட்டேன். புதிதாக எழுந்து வந்த வெறுந்திரையைப் பார்க்கவும் பயமாகத்தான் இருந்தது.

இன்றைக்கும் அவள் தூக்கத்தில் புரண்டால் என் கை போனைத் தேடிப் போகிறது. லாத்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அப்போதுதான் காதில் விழுகிறது: "யாருக்கு வச்சிருக்க?" போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளைப் பார்க்கிறேன்.