யெலேனாவுக்கு ஐந்து பூ

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில், பழக்கதோஷத்தில் ஐந்து கார்னேஷன் கேட்கிறேன். யாழ்ப்பாணத்துப் பூக்கடைக்காரர் ஆறாவதையும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றுகிறார். "இது சும்மா, கொண்டு போங்கோ."

பெல்கிரேடில் வேலை பார்த்த முதல் வருடம், பக்கத்து மேசை யெலேனாவின் பிறந்தநாளுக்கு ஆறு பூக்களோடு போய் நின்றேன். அவள் ஒன்றை உருவி என் தலையில் செருகினாள். "இங்கே இரட்டைப்படையில் பூ கொடுப்பது செத்தவர்களுக்குத்தான். நான் இன்னும் இருக்கிறேனடி!" என்று சிரித்தாள். அதன்பின் எல்லாப் பிறந்தநாளுக்கும் ஐந்துதான், அவள் மகளோடு இருக்க இந்த ஊருக்கு வரும்வரை.

ஆறாவது பூவை உருவக் கை போகிறது.

"ஏன் தங்கச்சி, வேண்டாமோ?"

"இல்லண்ணா, ஆறே இருக்கட்டும். என் ஃப்ரெண்டை இன்னைக்கு அடக்கம் பண்றாங்க."