சதுர்த்தசிக்கு மஞ்சளாகும் கண்

ஆயிரம் பேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியன் என்பார்கள். அனுஷா ஒருவரையும் கொல்லாமலே அந்தப் பதவியைத் தனக்குக் கொடுத்துக்கொண்டாள். விழுப்புரத்தில் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. திண்டிவனத்திலிருந்து காலை ரயிலில் போகும்போது எதிர் சீட்டுக்காரரின் வீங்கிய காலைப் பார்த்துச் சிறுநீரகக் கோளாறு என்பாள். அவர் செருப்பு கடித்தது என்பார். அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை அவள்.

கல்லீரல் பாடம் நடந்த வாரத்தில் அவள் பார்வை அப்பாவின் கண் மேல் விழுந்தது. சமணரான அப்பாண்டைராஜ் நைனாருக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை எண்ணெய் வியாபாரம். சதுர்த்தசி உபவாசத்தன்று சோற்றுக்காக எங்கும் நிற்க வேண்டாம், நேரம் மிச்சம் என்று அன்றைக்குத்தான் புதுச்சேரிக் கடைகளைச் சுற்றப் போவார். சாயங்காலம் திரும்பி வந்தவரின் வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. புதுச்சேரிக்குப் போன ஆம்பிளை மஞ்சள் கண்ணோடு வந்தால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளையும் சொல்லும். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சோறு தொடாத மனிதர் குடிக்கிறாரா? ஈரல் கெட்டு அப்பா போய்விடுவாரோ என்று பயந்தாள்.

நேராகக் கேட்கத் துணிச்சல் இல்லை. அதனால் துப்பறிந்தாள். கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தாள். வேர்வையும் பிண்ணாக்கும்தான் அடித்தன. அடுத்தது புத்திமதி. முட்டை என்ற பேச்சே நுழையாத வீட்டில், அவர் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, சுருங்கிப்போன மனித ஈரலின் படத்தைப் போனில் காட்டினாள்.

"ஈரலு இப்பிடி ஆய்ட்டா அவ்ளோதாம்ப்பா," என்றாள், ஊருக்குச் சொல்வதுபோல.

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். குற்றவாளி சிக்கிவிட்டார் என்று அனுஷா தீர்ப்பு எழுதினாள்.

அடுத்த சதுர்த்தசிக்கு, அப்பா திருந்த வேண்டும் என்று அவளும் உபவாசம் இருந்தாள். மறுநாள் வெறும் வயிற்றோடு செய்முறை வகுப்பு. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் அவரவர் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் இருக்க வேண்டியது அவளுக்கு மூன்றை எட்டியது. ரசாயனம் கெட்டுவிட்டது என்றாள். பிறகு மெஷின் சரியில்லை என்றாள். கடைசியில், ரத்தம் எடுத்த தோழி ஷிஃபாவின் கை நடுங்கியது என்றாள்.

"என் கை நடுங்கனா உன் கண்ணு ஏண்டி மஞ்சளா கீது?" என்றாள் ஷிஃபா.

பாடம் எடுக்கும் செண்பகம் மேடம் வந்தார். மற்ற ஈரல் சோதனைகளையும் செய்யச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"நேத்து சாப்ட்டியா?"

"இல்ல மேடம், உபவாசம்."

"அதான். சில பேருக்குப் பட்டினி கெடந்தா இது ஏறும். கில்பர்ட் சிண்ட்ரோம். பயப்பட ஒண்ணும் இல்ல, பரம்பரையா வர்றது. உங்க வூட்ல வேற யாருக்குனா கண்ணு மஞ்சளாவுமா?"

"எங்கப்பாவுக்கு மேடம்," என்றாள் அனுஷா. பாடப்புத்தகத்தில் அது ஆறே வரி. பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று அவள் தாண்டிப் போன ஆறு வரி.

அந்த வாரமே அப்பாவைத் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தம் பார்த்த அவரும் அதையேதான் சொன்னார். வெளியே வந்ததும் அனுஷா உடைந்துபோனாள்.

"நீங்க குடிக்கிறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேம்ப்பா. அதான் அந்தப் படத்த காட்னேன்."

"குடியா!" அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத்தான் ஈரலு போய்ட்சி, அத சொல்ல முடியாம பொண்ணு படத்த காட்டுதுன்னு நெனச்சேன். அன்னியிலேர்ந்து தூக்கமே இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றாள் அழுதுகொண்டே.

"எப்பிடிம்மா கேக்கறது? நீ படிக்கிற பொண்ணு. இன்னும் எத்தினி நாளுன்னு கரெக்டா சொல்லிடுவியேன்னு பயந்துக்கினுதான் கம்முனு இருந்தேன்."