குசினியில்லாத அரண்மனை

எத்தாளைக் கிராமத்தில் செய்னுலாப்தீன் மேசன் தன் கையால் கட்டிய வீட்டின் முன் ஹோலில், அவருடைய மனைவி அலீமா உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. பெரிய ஹோல். மூன்று வளைவு, ஆறு தூண், வாசலில் ஐந்து படி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, பன்னிரண்டு வருடம் தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்த மனிதர் அவர். நிமிர்ந்து நின்று ஆட்களை வரவேற்க ஓர் இடம் கேட்டது பிழையில்லை. மிஞ்சிய நிலத்தில் அறைகளை நெருக்கியதும், பாத்ரூமைப் பின்பக்கம் இரண்டு படி இறக்கி வைத்ததும்தான் பிழை.

வளைவுகளை ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வரைந்தார். மந்திரவாதிகளும் பறக்கும் குதிரைகளும் வரும் தொடர். வீடு கட்டி முடிந்த பிறகும் அது ஓடியது. அக்கம்பக்கத்து ஆண்கள் ஹோலில் கூடிக் கதையைப் பார்ப்பார்கள்; அவர் அதில் வரும் அரண்மனையின் சுவரைப் பார்ப்பார். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அந்த அரண்மனையை அறை அறையாக வரைந்தார். அறைகள் ஒன்றோடொன்று பொருந்தவேயில்லை.

“நேத்து இந்தக் கதவத் திறந்தா பூந்தோட்டம். இண்டைக்கு ஆயுத அறை. எந்த மடையன் கட்டினவன்?” என்றார்.

“குசினி எங்க?” திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்த அலீமா கேட்டாள். “அம்பது பேருக்கு விருந்து வருது, அடுப்பக் காணல்ல. வேலைக்காரி தூணுக்குள்ள இருந்து முளைக்கிறா. வெளிய நிண்டு பாக்கிறவனுக்குக் கட்டின வீடு அது. உள்ள இருக்கிறவளுக்கில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

போன வருடம் அலீமாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. சக்கர நாற்காலியோடு ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். நாற்காலி இருபத்தாறு அங்குலம். அறைக் கதவு இருபத்துநான்கு. புத்தளத்திலிருக்கும் மூத்த மகள் ஃபர்ஸானா தாயைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“ஹோல்ல ஒரு பக்கத்த அடச்சு எனக்கு அறை போடுங்க. நான் வீட்டுக்கு வாறன்,” என்றாள் அலீமா. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“முஃப்லிஹாட கலியாணம் முடியட்டும். மாப்பிள வீட்டாக்கள எங்க இருத்துற?”

இளைய மகளின் கலியாணத்துக்கு எட்டு மாதம் இருந்தது. கலியாணத்தன்று அலீமாவை நாற்காலியோடு நாலு பேர் படியேற்றி, ஹோலைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. பெண்கள் தூக்கி அந்த இரண்டு படி இறக்குவதற்குள் புதுச் சேலை நனைந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் நின்றார். அலீமா சாப்பிடாமலே புத்தளம் திரும்பினாள்.

அடுத்த கிழமையே செய்னுலாப்தீன் சம்மட்டியை எடுத்தார். வளைவுகளை உடைத்தார். வாசலுக்குச் சாய்தளம், ஹோலில் ஓர் அறை, அதற்குள்ளேயே பாத்ரூம், சுவரில் பிடித்தெழும்பக் கம்பி. நாற்பது நாளில் முடித்துவிட்டு அலீமாவைக் கூட்டிவரப் போனார்.

ஃபர்ஸானாவின் சின்ன வீட்டில் கட்டில் முன்னறை யன்னலோரம் கிடந்தது. மீன்காரன் சைக்கிளை நிறுத்தி அலீமாவிடம் விலை சொல்லிக்கொண்டிருந்தான்.

“கதவு எவ்வளவு அகலம்?” என்று அலீமா அவரிடம் கேட்டாள்.

“முப்பத்தாறு அங்குலம்.”

“நல்லாக் கட்டீக்கிறீங்க.”

“அப்ப போவமா?”

“நான் இஞ்சயே இருக்கன். வீட்டக் கட்டக்குள்ள என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கலியாணத்துக்கு முந்தியாவது செஞ்சிருக்கலாம். இனி ஏலா.”

அவள் குரலில் கோபமில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ளச் சுவரைத் தேடினார். ஃபர்ஸானா உள்ளேயிருந்து கதிரையொன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

“இருங்க வாப்பா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”