கோழிக் குடலுக்கு ஒரு காவல்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். விவசாயிகளிடம் குஞ்சு கொடுத்து வளர்க்கச் செய்யும் ஒரு கோழிக் கம்பெனியில் கால்நடை மருத்துவராக இருந்தேன். சோழவந்தான் பக்கம் பேச்சியம்மாளின் பிராய்லர் ஷெட்டில் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. கணவர் இறந்தபின் ஷெட்டைத் தனியாக நடத்திவந்தவர் அவர்.

செத்த கோழி ஒன்றை அறுத்தேன். குடல் காற்றடைத்து உப்பியிருந்தது. உள்சுவர் டர்க்கி டவல் போலச் சொரசொரத்துக் கிடந்தது. கிருமி அரித்த குடல்.

ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சாவு நின்றது. மருந்தை நிறுத்தியதும் திரும்பியது. ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோடு நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிடும். நல்லவை குடல் சுவரில் இடம் பிடித்து, அமிலம் சுரந்து, கெட்டவற்றை ஒட்டவிடாமல் தடுக்கும்; சுவரின் செல்களுக்கு இடையிலான பிணைப்பையும் இறுக்கும். அவை இல்லாத குடலில் நோய் மறுபடி சுலபமாக ஏறிக்கொள்ளும். அதனால் இரண்டாம் முறை ஆன்டிபயாடிக் முடிந்த கையோடு, அந்த நல்ல பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலக்கச் சொன்னேன்.

அப்படியும் சாவு மறுபடி தொடங்கியது. நான் ஷெட்டில் நின்றபோது கம்பெனி மேனேஜர் போனில் பிடித்தார்.

"ஆன்டிபயாடிக் இன்னொரு ரவுண்டு போடுங்க டாக்டர். இந்த பேட்ச் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"நாளைக்குக் காலை வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன்.

பேச்சியம்மாள் முகம் இறுகி நின்றார். "நீங்க சொன்ன பொடியத் தவறாமக் கலக்குறேன். பெறகு எதுக்கு சார் சாகுது?"

கோழிகளுக்குத் தண்ணீர் போகும் தொட்டியின் மூடியைத் திறந்தேன். ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது.

"இதப் போட்டீங்களாக்கா?"

"தண்ணி சுத்தமா இருக்கணும்னு கம்பெனியில சொன்னாகளே. தெனமும் போட்டுட்டுத்தான் பொடியக் கலக்குறேன்."

"அந்தப் பொடியில இருக்கது உயிருள்ள பாக்டீரியாக்கா. ப்ளீச்சிங்ல அம்புட்டும் செத்துரும்."

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நானே கொன்னுருக்கேன்."

"உங்களுக்கு யாரும் சொல்லலக்கா."

இருவருமாகத் தொட்டியைக் கழுவினோம். போர்வெல் தண்ணீரை நிரப்பிப் புதுப் பொடியைக் கலந்தோம்.

மறுநாள் காலை ஷெட் கதவைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. நான்தான் திறந்தேன். செத்தவை கிடந்தன, ஆனால் முந்தைய நாளைவிடக் குறைவு. மற்றவை தீவனத் தட்டுகளை முட்டிக்கொண்டு நின்றன. பேச்சியம்மாள் உள்ளே போய்த் தீவனம் போடத் தொடங்கினார். மேனேஜருக்குப் போன் செய்து, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றேன். அந்த வாரத்துக்குள் சாவு அடங்கியது. பெரும்பகுதிக் கோழிகள் தேறின.

இந்த வேலைக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மருந்தைக் கொடுத்ததும், எந்தத் தண்ணீரில் கலக்கப்போகிறீர்கள் என்று கோழி வளர்ப்பவரிடம் கேட்டுவிட்டுப் பைக்கை எடுங்கள்.