கால் கழுவும் ஞாயிறு

எங்கள் சபைக்குப் பெயர் கிடையாது. கோபுரம், மணி, சம்பளம் வாங்கும் போதகர் எதுவும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வீட்டு மாடியில் ஒன்பது குடும்பங்கள் கூடுவோம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ராஜபாளையத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸில் போவோம். பெண்கள் முக்காடிட்டு, வாய் திறக்காமல் உட்கார வேண்டும். நகை ஆகாது, கிறிஸ்துமஸ் ஆகாது. மாத்திரையோ ஊசியோ எடுத்தால் கர்த்தரை நம்பவில்லை என்று அர்த்தம்.

அப்பா பட்டாளத்தில் இருந்தவர். ஞானஸ்நானம் எடுத்த அன்றே சர்க்கரை மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டார். "சுகம் கெடைச்சாச்சு. இனி சந்தேகப்படக் கூடாது" என்றார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயங்கள். மருந்து இல்லாமல் அப்பா செத்துப்போவாரோ என்று ஒன்று. மருந்து சாப்பிட்டால் கர்த்தர் மறுபடி வரும் நாளில் கைவிடப்படுவாரோ என்று இன்னொன்று.

நான் கிருஷ்ணன்கோவில் காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது, அப்பா வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டு நடக்க ஆரம்பித்தார். சித்திரை வெயிலில் எதற்கு என்று கேட்டேன். "கால் குளிருதும்மா" என்றார். பொய் என்று தெரிந்தது. கழற்றிக் காட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கர்த்தரின் நினைவாக அப்பம் பிட்டபின் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே பழைய சேலை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதன் கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அப்படி ஒரு ஞாயிறு, அந்த இடைவெளி வழியாக அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் தண்ணீர்ப் பேசினுடன் உட்கார்ந்தவர் சபையை நடத்தும் மூத்த சகோதரர். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மருந்து வேண்டாம் என்று எங்களுக்குப் போதித்தவரும் அவர்தான்.

"இன்னைக்கு எனக்கு வேண்டாண்ணே" என்றார் அப்பா.

"கர்த்தரே சீஷங்க காலைக் கழுவுனாரு. காலைக் குடுங்க."

சாக்ஸ் இறங்கியது. நாற்றம் சேலையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மூத்த சகோதரரின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெல்ல ஜெபிக்கத் தொடங்கினார்.

நான் எழுந்தேன். அம்மா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருட்டி."

சேலையை விலக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன். "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "போய் உக்காரு. ஆராதனை நடக்குது."

"அண்ணே, இப்படியே விட்டா அவிய செத்துருவாவ" என்று மூத்த சகோதரரிடம் சொன்னேன். அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு அது.

அவர் தன் தோளில் கிடந்த துண்டை அப்பாவின் காலில் சுற்றினார். பிறகு அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டு, படி படியாக இறக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார். அம்மா அழுதுகொண்டே பின்னால் வந்து ஏறினாள். மூத்த சகோதரர் ஏறவில்லை. "நான் ஜெபிக்கேன்" என்றார். என்னைவிட அவர் பயந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மறுநாள்தான் பேசினார். "என்னைய விசுவாசத்துலருந்து இறக்கிப்புட்டியே."

சபையில் எல்லார் முன்னாலும் மனந்திரும்பும்வரை எங்கள் மூவருக்கும் அப்பம் இல்லை என்று முடிவு செய்தார்கள். அதை அறிவித்தவரும் மூத்த சகோதரர்தான். அம்மா இன்னும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நான் போவதில்லை.

இப்போது தினமும் காலையில் அப்பாவுக்கு இன்சுலின் போடுவது நான்தான். சட்டையைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். உதடு அசையும். மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். அது அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டதில்லை. செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரை விசுவாசத்திலிருந்து இறக்கிவிட்டேன் என்று அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம் இன்னும் என்னை விடவில்லை.