ரோஜா நிறக் குருவி

எங்கள் மொட்டை மாடியில் குருவிகளுக்காக ஒரு வெள்ளை எனாமல் பேசினில் தண்ணீர் வைப்பது வழக்கம். ஏதாவது ஒன்று இறங்கிக் குளித்தால் என் கண் குருவியிடம் போகாது. தண்ணீரின் நிறத்தைப் பார்க்கும். எழுபது வயதைத் தாண்டியும் இந்தப் பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். மயிலாப்பூரில் இயற்கை ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். ஞாயிறு காலையில் அடையாற்றங்கரையில் பறவை பார்ப்பது, பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்குச் சிப்பிகளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதுவது, எல்லாம் சம்பளமில்லாத வேலை. காரியதரிசி அம்மாள் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். குமாஸ்தாவாக இருந்த நான் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. அப்போது நான் புது மாப்பிள்ளை. மாமனாருக்கோ இது துளியும் பிடிக்கவில்லை. குருவி பார்க்க ஒரு சங்கமா, வேலையற்றவர்கள் செய்வது என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தார். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு, மற்றவர்கள் முன்னால் போய்விட, ஆற்றோரக் கோரையில் ரோஜா நிறத்தில் ஒரு குருவியைக் கண்டேன். எந்தப் புத்தகத்திலும் அப்படியொன்று கிடையாது. துண்டைப் போட்டதும் அகப்பட்டுக்கொண்டது. காட்டுக் குருவி இவ்வளவு சுலபமாகக் கைக்கு வருமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா! வீட்டில் ஒரு கூண்டில் அடைத்து வைத்துக்கொண்டு, புது இனத்தையே கண்டுபிடித்துவிட்டதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு மாமனாரையும் வற்புறுத்தி அழைத்துப்போய் முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

காரியதரிசி அம்மாள் கூண்டை ஒரு முறைதான் பார்த்தார். "இன்னிக்கு வேண்டாமே. எங்காத்துல விட்டுட்டுப் போங்கோ, நிதானமாப் பாக்கலாம்," என்றார் மெதுவாக. என் பெருமையைப் பறிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன், மடையன். கூண்டை மேஜைமேல் வைத்து, உள்ளே சின்ன எனாமல் பேசினில் தண்ணீரும் வைத்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினேன்.

நல்ல புழுக்கம். குருவி தண்ணீரில் இறங்கிக் குளித்தது. தண்ணீர் சிவந்தது. சாயம் ஒழுக ஒழுக, வெளிறிய பழுப்பில் ஒரு சாதாரணத் தினைக்குருவி வெளிப்பட்டது. விலைபோவதற்காகச் சாயம் பூசி விற்பார்களே, அந்த ரகம். எங்கிருந்தோ தப்பி வந்திருக்கிறது. பின்னால் ஒருவர் சிரித்தார், பிறகு கூடமே சிரித்தது. மாமனார் தலை குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரும் சிரித்திருந்தால்கூடத் தேவலை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

காரியதரிசி அம்மாள் எழுந்து வந்தார். என்னைக் காப்பாற்ற ஏதோ சொல்லப்போகிறார் என்று நம்பினேன். அவர் குருவியைக் கையில் எடுத்துப் புடவைத் தலைப்பால் போர்த்தினார்.

"எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சா? அது நடுங்கிண்டிருக்கு."

சிரித்தவர்களைவிட என்னைத்தான் அது சுட்டது. வீட்டில் வைத்திருந்த நாளெல்லாம் அதன் நிறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். அது சரியாகத் தின்னாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது அப்போதுதான் உறைத்தது.

அம்மாள் அதைத் தன் வீட்டிலேயே வைத்துத் தேற்றினார். சாய இறகுகள் உதிர்ந்து புது இறகு முளைத்த பிறகு, நான்தான் ஆற்றங்கரையில் அதை விட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஜுரம் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். மாமனார் போனார். திரும்பி வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"மத்ததோட கலந்துடுத்து மாப்பிள்ளை. எதுன்னே தெரியலை. அந்தம்மா கடைசி வரைக்கும் உங்களுக்காகக் காத்துண்டிருந்தா."

அதன் பிறகு நான் அந்தச் சங்கத்துக்குப் போகவேயில்லை.

இன்று காலை ஒரு தினைக்குருவி மாடிக்கு வந்து குளித்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. குருவி நடுங்குகிறதா என்று பார்க்கத் தோன்றி நிமிர்ந்தேன். அதற்குள் பறந்துவிட்டது.