பெரியப்பாவின் மூன்று ஸ்டார்

என் பெரியப்பா எதை வாங்கினாலும் அதைப் பற்றி ஆன்லைனில் கருத்து எழுதாமல் விட்டதில்லை. பல்புக்கு எழுதுவார். செல்போன் உறைக்கு எழுதுவார். பாத்ரூம் மக்குக்குக்கூட எழுதியிருக்கிறார்: "கைப்பிடி உறுதி. நிறம் படத்தில் இருந்ததைவிட வெளிறியிருக்கிறது." ஆட்டோவில் வந்து இறங்கினால் வாசலில் நின்று ஸ்டார் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

அவர் போடுவது பெரும்பாலும் மூன்று ஸ்டார். ஒரு வாரத்தில் நின்றுபோன, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மின்விசிறிக்கு ஒன்று கொடுத்தார். ஐந்து என்பது அவர் அகராதியிலேயே இல்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அஞ்சு குடுத்துட்டா அப்புறம் அதவிட நல்லது ஒண்ணு வந்தா என்னம்மா பண்றது? மூணுன்னா நல்லாருக்கு. நாலுன்னா ஒரு வருஷம் கழிச்சும் நல்லாருக்கு. அவ்வளவுதான்."

அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நெடுங்காலமாக வேலை. நீலச் சட்டை, தோளில் பை, காலையில் போனில் வரும் முகவரிகளைப் பார்த்துக் கிளம்பினால் சாயங்காலம் சட்டைக் கையெல்லாம் ஈரமாகத் திரும்புவார். புதுப் பொருட்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருந்ததில்லை. ஏஐ வாஷ் என்று போட்ட மெஷின்கள் வந்தபோது, "துணி எவ்வளவு கனம்னு பார்த்து தண்ணி விடுது. அத பத்து வருஷமா அது பண்ணிக்கிட்டுதான் இருந்துச்சு. இப்பத்தான் மூளைன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்" என்றார். வெளியூரில் இருந்துகொண்டே போனில் மெஷினை ஓடவிடலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, துணிய யாரு உள்ள போடுவா? அதுக்கும் ஆப் இருக்கா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். பெரியம்மா, "அதுக்கு நான் இருக்கேன்ல" என்றாள்.

ஆனால் அவரையும் ஏமாற்ற வழி இருந்தது. பளபளவென்று எடுத்த விளம்பரத்தை நம்பமாட்டார். மங்கிய வெளிச்சத்தில் யாரோ ஒருவர் சமையலறையில் நின்று, கேமரா ஆட ஆட, "பிரெண்ட்ஸ், நான் ஒரு மாசமா இத யூஸ் பண்றேன்" என்று சொன்னால் நம்பிவிடுவார். "பாரு, லைட்டே சரியில்ல. இவன் பொய் சொல்ற ஆள் இல்ல" என்பார். கழுத்து மின்விசிறி வந்தது அப்படித்தான்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஆன்லைனில் பொருள் விற்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. படத்துக்குப் பக்கத்தில் வருகிற வரிகளை எழுதுவது என் பொறுப்பு. அந்த மங்கிய வெளிச்ச வீடியோக்களை எங்கள் அலுவலகத்திலேயே எடுக்கிறார்கள். நல்ல விளக்கை அணைத்துவிட்டு, டியூப் லைட்டை மட்டும் போட்டு எடுப்பார்கள். இதைப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். சொன்னால் அவர் எதைத்தான் நம்புவார்? அல்லது, நான் எழுதுவதை இனி எப்படிப் படிப்பார்? இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

பெரியப்பாவின் மகள், என் அக்கா, அதே வீட்டின் மாடியில் கணவனோடும் கைக்குழந்தையோடும் இருக்கிறாள். துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்டில் தைத்துக்கொண்டிருந்தவள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். ஜன்னலோரம் ஒரு தையல் மெஷினைப் போட்டு, வாஷிங் மெஷினுக்கு உறை தைத்து ஆன்லைனில் விற்கத் தொடங்கினாள். எண்ணம் பெரியப்பாவுடையதுதான். பாதி மெஷின்கள் மேலே தண்ணீர் சொட்டியும் தூசி இறங்கியும்தான் கெடுகின்றன என்று அவர் சாப்பிடும்போது சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள்.

வருடக் கடைசிக்குள் இந்த ஆன்லைன் கடை நிலைத்து ஓட வேண்டும், இல்லையென்றால் குழந்தையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று அவளும் மாமாவும் பேசி வைத்திருந்தார்கள். அந்த விற்பனைத் தளத்தில் பெரிய தள்ளுபடி வாரம் ஒன்று வரவிருந்தது. நாலரை ஸ்டாருக்கு மேல் இருக்கும் பொருட்களுக்குத்தான் அதில் முதல் பக்கத்தில் இடம். அக்காவின் உறை அதற்குச் சற்று மேலே இருந்தது. அதை நம்பித்தான் துணியும் ஜிப்பும் மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் போனோடு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அப்பா, இது யாரு?"

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நான்தான்."

"மூணு போட்டிருக்கீங்க."

"ஆமா. நல்லாருக்குன்னு எழுதியிருக்கேனே, படிச்சியா?"

நான் வாங்கிப் படித்தேன். "தையல் உறுதி. துணி தண்ணீரைத் தடுக்கிறது. பின்பக்கம் தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டை சிறியது. குழாயின் நட் நுழையாததால் குழாயைக் கழற்றித்தான் உறையை மாட்ட வேண்டும். ஜிப் எப்படி என்று மழைக்காலம் முடிந்த பிறகுதான் சொல்ல முடியும்." கீழே மூன்று ஸ்டார். மெஷினுக்கு உறை போட்ட படமும் இருந்தது. சமையலறை மூலையில் நிற்கும் பெரியம்மாவின் மெஷின்தான் அது.

"நீங்க எப்பப்பா வாங்கினீங்க? நான் சும்மாவே ஒண்ணு குடுத்திருப்பேனே?"

"சும்மா வாங்கினா எப்படி எழுதறது? வாங்கினவங்கதான் எழுதணும்னு போட்டிருக்கான். முழு வெலை குடுத்து ஆர்டர் போட்டேன்."

மாடியில் தைத்த உறை, ஆள் வந்து எடுத்துப் போய், ஊரின் மறுகோடியில் இருக்கும் கிடங்குக்குப் போய், அங்கிருந்து வண்டி ஏறிக் கீழ்வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தவருக்கும் மூன்று ஸ்டார் போட்டிருந்தார்.

"இதுல இப்ப நாலரைக்குக் கீழ போயிருச்சு தெரியுமா? இனிமே யாரு கண்ணுலயும் படாது."

"மத்தவங்க எல்லாம் அஞ்சு போட்டிருக்காங்கல்ல?"

"அது மாமாவோட ஆபீஸ் பிரெண்ட்ஸ்" என்று வாய் தவறி நான் சொல்லிவிட்டேன். அக்கா என்னை முறைத்தாள்.

"அதான் பார்த்தேன்" என்றார் பெரியப்பா. "'என் வாஷிங் மெஷினுக்கு மிக அருமை'ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். அவன் வீட்டுல மெஷினே கெடையாது. போன மாசம் என்கிட்டதான் எத வாங்கலாம்னு கேட்டான்."

பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் அஞ்சு குடுக்கறான். பெத்த பொண்ணுக்கு இவர் மூணு குடுக்கறாரு. ஏங்க, என் சமையலுக்கு எத்தன?"

"அதுக்குப் போட அங்க எடம் இல்ல."

"இருந்தா போட்டுருவீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா, "அத எடுத்துருங்கப்பா" என்றாள். பெரியப்பா, "பொய்யா எதாவது எழுதியிருந்தா சொல்லு, எடுக்கறேன்" என்றார். அவள் மேலே போய்விட்டாள். அவள் தையல் மெஷின் சத்தம் அன்று கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் அவள் கீழே வரவில்லை.

மாமா என்னைத் தனியாக அழைத்து, "நீதான் இந்த வேலையில இருக்க. சொன்னா கேப்பாரு. அந்தத் தள்ளுபடில இடம் கெடைக்கலைன்னா வாங்கிப் போட்ட துணியெல்லாம் அப்படியே கெடக்கும். அவ ஷிப்டுக்குப் போயிருவா, வேற வழியில்ல" என்றார்.

நான் படித்தவள் என்பதால் என்னைத் தூது அனுப்பினார்கள். நான் படித்ததற்கும் ஸ்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஆனாலும் போனேன். பெரியப்பா சமையலறை மூலையில் குனிந்து அந்த உறையின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அங்க மூணுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல."

"பின்ன? அஞ்சுக்கு மூணு. பாதிக்கு மேல."

"பள்ளிக்கூட மார்க் மாதிரி இல்ல அது. அஞ்சுன்னா பரவாயில்ல. நாலுன்னா ஏதோ கோளாறு. மூணுன்னா வாங்காதீங்கன்னு திட்டற மாதிரி."

"யாரு சொன்னது? அங்க அப்படி எழுதியிருக்கா?"

"எங்கயும் எழுதல. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. அதனால அப்படி ஆயிருச்சு."

அவர் நம்பவில்லை. நான் என் போனை எடுத்து, எங்கள் அலுவலகம் விற்கும் பொருட்களைக் காட்டினேன். எல்லாம் நாலே முக்கால், நாலு புள்ளி ஒன்பது. மூன்றில் இருப்பதைத் தேடி எடுக்கப் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு கெட்டில் கிடைத்தது. கீழே எழுதியிருந்ததைப் படித்தார். கொதிக்கும்போது அடிப்பாகம் கழன்றுவிட்டதாம்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் போனை எடுத்து, சர்வீஸ் சென்டரின் ஆப்பைத் திறந்தார். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு லிங்க் போகும். அவர்கள் ஸ்டார் போடுவார்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் நாலு புள்ளி ஒன்று என்றிருந்தது. அதை அவர் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். எனக்கே இரண்டு தடவை காட்டியிருக்கிறார். நான் "சூப்பர் பெரியப்பா" என்று சொல்லியிருக்கிறேன்.

"அப்போ இது?"

"உங்க கம்பெனில எப்படின்னு எனக்குத் தெரியாது..."

"மழுப்பாதம்மா."

"கொஞ்சம் கம்மிதான் பெரியப்பா."

புது மாடல் மெஷின்களைப் பொருத்தும் வேலை இப்போதெல்லாம் சின்ன வயது மெக்கானிக்குகளுக்குத்தான் போகிறது. பழைய மெஷினைத் தொடத் தன்னை விட்டால் ஆளில்லை, அதனால்தான் பழையதெல்லாம் தனக்கு வருகிறது என்று இதுவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

"வேலை முடிச்சிட்டு அந்தப் பசங்க வாசல்ல நின்னு 'அஞ்சு போடுங்க மேடம், அஞ்சு போடுங்க சார்'னு கேப்பானுங்க" என்றார். "பிச்சை கேக்கற மாதிரி இருக்கேன்னு நெனப்பேன்."

அதன் பிறகு அவர் தன்னைப் பற்றிப் பேசவில்லை. போனில் எதையோ மும்முரமாகத் தேடினார். என்னவென்று எட்டிப் பார்த்தேன். பழைய ஆட்டோப் பயணங்கள். "அன்னைக்கு அந்த மழையில, முழங்கால் தண்ணில வண்டியத் தள்ளிக்கிட்டே கொண்டு வந்து விட்டானே, அவனுக்கு மூணு போட்டேன்மா. நல்லா கொண்டு வந்தான்னுதான் போட்டேன். இத இப்ப மாத்த முடியுமா?"

முடியவில்லை. நாள் கடந்துவிட்டது என்று வந்தது. அதற்கு முந்தையதைத் திறந்தார். அதுவும் அப்படித்தான். பொருட்களுக்குப் போட்டதை மாற்ற முடியும், ஆட்களுக்குப் போட்டதை மாற்ற முடியாது என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு பயணமாகத் திறந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சாயங்காலம் அவரே மாடிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அக்கா குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மாத்திட்டேன். பாரு" என்று போனை நீட்டினார்.

ஐந்து ஸ்டார். கீழே எழுதியிருந்ததில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஓட்டை சிறியது, நட் நுழையவில்லை, ஜிப்பைப் பற்றி மழைக்காலம் கழித்துச் சொல்கிறேன், எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு வரி மட்டும் புதிது: "இதைத் தைத்தவர் என் மகள்."

அக்கா படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அஞ்சு குடுத்துட்டு யாராவது இப்படித் திட்டுவாங்களாப்பா?"

"ஸ்டார் ஊருக்காக. எழுதினது வாங்கறவனுக்காக."

"மகள்னு எதுக்கு எழுதினீங்க?"

"நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சு, அப்பனே அஞ்சு போட்டுக்கிட்டான்னு சொல்லிரக் கூடாதுல்ல?"

அது தளத்தின் விதிக்கு மாறானது என்று எனக்குத் தெரியும். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் இரண்டு நாளில் தெரியத்தான் போகிறது.

தெரிந்தது. விற்பவரின் குடும்பத்தினர் கருத்து எழுத அனுமதியில்லை என்று செய்தி அனுப்பி, அவர் எழுதியதை ஸ்டாரோடு சேர்த்து நீக்கிவிட்டார்கள். வீட்டில் மெஷினே இல்லாதவரின் ஐந்து அங்கேயே இருந்தது. அக்காவின் உறை பழையபடி நாலரைக்குச் சற்று மேலேயே நின்றது. தள்ளுபடி வாரத்தில் முதல் பக்கத்தில் இடமும் கிடைத்தது.

பெரியப்பா எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, நெஜத்தச் சொன்னதுக்கா எடுத்துட்டான்?"

"சொந்தக்காரங்க எழுதக் கூடாதுன்னு விதி பெரியப்பா. விதி சரிதான்."

"விதி சரிதான்" என்று அவரும் ஒத்துக்கொண்டார். பிறகு, "அப்போ அந்த ஓட்டையப் பத்தி இப்ப யாருக்கும் தெரியாதே" என்றார்.

அன்றைக்கு என் மேசையில் ஒரு புது மெஷின் காத்துக்கொண்டிருந்தது. "உங்கள் துணிகளைப் புரிந்துகொள்ளும்" என்று எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, துணியின் எடைக்கேற்பத் தண்ணீர் விடும் என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டுப் பழைய வரியே இருக்கட்டும் என்றார். இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது மாடியில் தள்ளுபடி வாரத்துக்காகத் தைத்து முடித்த உறைகள் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அக்கா அவற்றில் ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்க ஓட்டையைப் பெரிதாக வெட்டி ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நட்டோடு கூடிய ஒரு பழைய குழாய்த் துண்டை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"இது இறுக்கம்."

"போகுதுல்லப்பா?"

"நான் தள்ளினா போகுது. உங்கம்மா தள்ளினா போகுமா?"

"எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே வெட்டியிருப்பேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்லல."

பெரியப்பா குழாயைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். "அது... ஆமா, கீழேயே நின்னு ஒரு குரல் குடுத்திருக்கலாம்."

"குடுத்திருக்கலாம்" என்று அக்கா அந்த உறையைப் பிடுங்கி மறுபடி கத்தரிக்கோலை வைத்தாள். அப்போது அவள் போன் அடித்தது. பழைய கம்பெனியின் பெண் சூப்பர்வைசர். ஸ்பீக்கரில் போட்டாள். அடுத்த மாத ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறோம், உன் மெஷின் காலியாகத்தான் இருக்கிறது, எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

அக்கா வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்தாள். அடுக்கியிருந்த உறைகளை ஒருமுறை பார்த்தாள்.

"இப்ப வரலக்கா. கையில வேலை இருக்கு" என்றாள்.